மூன்றாம் அலுமாரி, கீழ்த்தட்டு

போன மாதம் ஃபர்சானா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் இளைப்பாறிய பிறகு என் கதிரையில் தகவல் அலுவலராக உட்கார்ந்திருக்கிற பிள்ளை. மாளிகாவத்தையிலிருந்து வருகிறவள். கந்தோரில் பழைய கோப்புகளையெல்லாம் ஸ்கான் செய்து கணினியில் ஏற்றுகிறார்களாம். சிவப்பு முத்திரை குத்திய கோப்புகள் மட்டும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றனவாம்.

"சேர், இதில எது மெய்யான ரகசியம், எது சும்மா ரகசியம் எண்டு எங்களுக்கு வெளங்குதில்ல."

"எல்லாம் சும்மாதான் பிள்ளை."

"அப்படிச் சொன்னா எப்படி? எழுதித் தாங்க. நீங்கதானே குத்தின ஆள்."

"நான் மட்டுமே குத்தினனான்?"

"பாதி கோப்பில உங்கட கையெழுத்து இருக்கு சேர். ஒரு கென்ரீன் பில்லுக்கும் குத்தி இருக்கிறீங்க."

இதற்கு மேல் வாதாட முடியவில்லை. அவளுக்கான குறிப்பை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அரைப் பக்கத்துக்குள் அடங்காதது இது.

நான் எந்தத் திணைக்களத்தில் வேலை செய்தேன் என்று எழுதமாட்டேன். இரகசியம் என்பதற்காக அல்ல, பழக்கதோஷம். அரசாங்கக் களஞ்சியங்களைக் கவனிக்கும் ஒரு கந்தோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு வருடம் அங்கே இருந்தேன். அதில் முப்பது வருடம் பயந்தபடி இருந்தேன். மிச்சம் நான்கு வருடம் விடுமுறை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு ஒழுங்கையில் அறை எடுத்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. யுத்த காலம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கந்தோர்க் கடிதம் மூன்றையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கீழே பாண் வாங்கப் போவேன். ஆறு மாதத்தில் சிங்களம் படித்துவிட்டேன். பயத்தைப் போல நல்ல வாத்தியார் கிடையாது. தமிழில் வரும் கடிதங்களைச் சிங்களத்தில் மொழிபெயர்ப்பதும், சிங்களத்தில் எழுதப்படும் பதிலைத் தமிழாக்குவதும் என் வேலை. என் மேசையின் இடப்பக்க மூலையில் ஒரு பிரம்புத் தட்டு இருந்தது. தமிழ்க் கடிதங்கள் அதற்குள் வந்து விழும். இலக்கமிட்டுப் பதிந்து, மொழிபெயர்ப்பை மூலக் கடிதத்தின் மேல் குத்தி, பிரதம லிகிதரின் மேசைக்கு அனுப்ப வேண்டும். அவர் படித்த பிறகுதான் அந்தக் கடிதம் வந்ததாகக் கணக்கு. அதுவரைக்கும் அது வெறும் காகிதம்.

பிரதம லிகிதர், அதாவது தலைமை எழுத்தர், பியசேன மாத்தயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. மெலிந்த மனிதர், எந்நேரமும் வெள்ளை அரைக்கைச் சட்டை, காதில் ஒரு பென்சில். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. யாருக்கும் முடியாது என்று சொல்லியும் கேட்டதில்லை. கோப்பின் இடப்பக்கத்தில் குறிப்புத் தாள் இருக்கும். அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதுவதெல்லாம் அதில்தான். மற்றவர்கள் அதில் பேனாவால் ஒரு பந்தி எழுதுவார்கள். பியசேன மாத்தயா பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதுவார்: "பேசவும்."

அதன் அர்த்தம், கோப்பை எடுத்துக்கொண்டு அவருடைய மேசைக்குப் போக வேண்டும் என்பது. போனால் கதவைச் சாத்தச் சொல்வார். குரலைத் தாழ்த்தி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். நாங்கள் திரும்பி வந்து அதைச் செய்வோம். சில நாளில் அந்தப் பென்சில் சொல்லையும் அழித்துவிடுவார். பிற்காலத்தில் யார் கோப்பைத் திறந்தாலும் ஒரு கேள்வி இருக்கும், ஒரு முடிவு இருக்கும், நடுவில் வெள்ளைத் தாள்தான் இருக்கும். கந்தோர் முழுக்க இந்தப் பழக்கம் இருந்தது. சிவப்பு முத்திரை பார்க்கிறவனைப் பயமுறுத்துவதற்கு. உண்மையான பூட்டு அந்தப் பென்சில்.

முத்திரையோ பழைய பால்மாத் தகர ரின் ஒன்றுக்குள் அவருடைய மேசையில் நிற்கும். பக்கத்தில் சிவப்பு மைப்பெட்டி. பணிப்பாளர் மட்டுமே ஒரு கடிதத்தை இரகசியம் என்று தீர்மானிக்கலாம் என்பது விதி. ஆனால் அந்த ரின் கென்ரீன் கரண்டி மாதிரி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. விளங்காத கடிதத்துக்கு ஒன்று, விளங்கிப் பயம் வந்த கடிதத்துக்கு இரண்டு.

கொட்டாஞ்சேனையில் எங்கள் கந்தோருக்கு ஒரு பழைய களஞ்சியம் இருந்தது. உடைந்த வாங்குகளும் காலாவதியான படிவங்களும் அடைத்து வைக்கிற இடம். அதன் காவலாளி செல்லையா. பதுளைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவர். அவரை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அவருடைய கடிதங்களைத்தான் கண்டேன். புதுக்கடையில் கோட்டு வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவரிடம் காசு கொடுத்துத் தட்டச்சு செய்வித்த கடிதங்கள். கார்பன் பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அசலை எங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவார்.

முதலாவது கடிதத்தில், களஞ்சியத்தின் மெயின் சுவிச்சில் பொறி பறக்கிறது, வயர் உருகி மணக்கிறது, ஆளனுப்பிப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார். மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். பொறி என்பதற்குச் சிங்களம் வரவில்லை. பியசேன மாத்தயாவிடம் கேட்டிருக்கலாம். ஆறு மாதத்தில் சிங்களம் படித்த சூரன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. கேட்க வெட்கம். பிறகு பார்ப்போம் என்று தட்டின் அடியில் வைத்தேன்.

மூன்று கிழமை கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. "எனது முந்திய கடிதத்தின் மீது தங்களது கவனத்தை ஈர்க்கின்றேன்" என்று தொடங்கியது. இதை அனுப்பினால் முந்தியது எங்கே என்று கேட்பார்கள். அதுவும் அடியில் போனது. மூன்றாவது வந்தபோது உறையைப் பார்த்ததுமே அடியில் செருகினேன். முழுதாகப் படிக்கவும் இல்லை. இப்படித்தான் ஒரு மனிதன் எச்சரித்த எச்சரிக்கையை இன்னொரு மனிதன் அமுக்கினான். கெட்ட எண்ணத்தால் அல்ல. ஒரு சொல் தெரியாததால். அந்தச் சொல் "புளிங்கு" என்று பிறகு படித்துக்கொண்டேன். இன்றுவரை எனக்கு மறக்காத சிங்களச் சொல் அது.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, பகலில் களஞ்சியம் எரிந்தது.

யாரும் சாகவில்லை. செல்லையா தண்ணீர் ஊற்றப் போய்க் கைகள் இரண்டையும் சுட்டுக்கொண்டார். அவருடைய சாப்பாட்டுப் பையில் ஒரு பீடிக்கட்டு இருந்ததென்று கதை வந்தது. விசாரிப்பதற்கு ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரை நியமித்தார்கள். நேர்மையான மனிதர், அதுதான் எனக்கு வந்த வினை. பதினொரு பக்கத்தில் அறிக்கை கொடுத்தார். இணைப்பில் செல்லையாவின் தமிழ்க் கடிதங்களின் கார்பன் பிரதிகள் இருந்ததால் பியசேன மாத்தயா அதை என்னிடம் தந்து, சரிபார்த்துக் கோப்பில் போடச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

ஏழாம் பக்கத்தில், தீக்குக் காரணம் பழைய மின் வயர்கள் என்று இருந்தது. காவலாளியின் பையில் கண்டெடுக்கப்பட்ட பீடிக்கட்டின் நூல் அவிழ்க்கப்படவே இல்லை என்றும் இருந்தது. எட்டாம் பக்கத்தில், காவலாளி மூன்று தடவை எழுத்தில் முறையிட்டதாகவும், தலைமைக் கந்தோருக்குக் கிடைத்த அந்தக் கடிதங்கள் மொழிபெயர்க்கப்படவில்லை என்றும், பொறுப்பான உத்தியோகத்தர் விளக்கமளிக்க வேண்டும் என்றும் இருந்தது.

பொறுப்பான உத்தியோகத்தர் உடனே கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்து எட்டாம் பக்கத்தை இன்னொருமுறை படித்துவிட்டு மறுபடியும் போனார். சிரிக்கலாம், எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என் தலைக்குள் ஓடிய கணக்கு இதுதான்: அரசாங்கக் களஞ்சியம் எரிந்திருக்கிறது. காவலாளி தமிழன். எச்சரித்த கடிதங்களை அமுக்கியவனும் தமிழன், அதுவும் யாழ்ப்பாணத்தான். வெள்ளவத்தையில் தனி அறை. அந்தக் காலத்தில் இதைவிடக் குறைவான கணக்குக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள்.

பால்மா ரின் என் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. முத்திரையை எடுத்தேன். பதினொரு பக்கத்துக்கும் குத்தினேன். இணைப்புகளுக்குக் குத்தினேன். கோப்பின் முன் அட்டை, பின் அட்டை. உணர்ச்சி மேலிட்டு என் சாப்பாட்டுப் பார்சலைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளிலும் ஒன்று விழுந்துவிட்டது. அன்று மத்தியானம் இரகசியமான சோறு சாப்பிட்டேன்.

பியசேன மாத்தயா திரும்பி வந்து கோப்பைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். நான் அவருக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் முறைப்படி "பேசவும்" என்று எழுதி, கதவைச் சாத்தச் சொன்னார்.

"பீடி நங் ஹொந்தய், மல்லி" என்றார். பீடியென்றால் நல்லது, தம்பி.

அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். வயர் என்றால் ஏன் திருத்தவில்லை என்று கேட்பார்கள். கடிதம் என்றால் யார் வைத்திருந்தது என்று கேட்பார்கள். அப்போது உன் பெயர் வரும். உன் பெயர் வந்துவிட்டால், இந்த நாட்களில், பிறகு வயரைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தக் காவலாளியையும் சேர்த்துத்தான் கொண்டுபோவார்கள். பீடி வெறும் கவனயீனம். வேலை போகும், ஆள் வீட்டில் இருப்பான்.

அவர் காப்பாற்றியது என்னையா, தன்னையா, கந்தோரையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றையும் ஒரே பென்சிலால் செய்தார். கோப்பு ஆவண அறையின் மூன்றாம் அலுமாரியில், கீழ்த்தட்டில், பழைய லீவுப் பதிவேடுகளுக்கு அடியில் போனது. பணிப்பாளர் அதற்குப் பிறகு அறிக்கையைக் கேட்கவில்லை. சிவப்பு முத்திரை குத்தியதைக் கேட்பதற்கு அவருக்கும் ஒரு தயக்கம் இருந்திருக்கும்.

பீடி புகைத்த கவனயீனத்தால் தீ ஏற்பட்டது, ஆகையால் சேவையிலிருந்து நீக்கப்படுகிறீர் என்று செல்லையாவுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் தயாரானது. தமிழாக்க என்னிடம் வந்தது. அதை அரை மணித்தியாலத்தில் முடித்துக் கொடுத்தேன். ஒரு சொல்லுக்கும் நான் தடக்கவில்லை.

அதன் பிறகு வருடங்கள் ஓடின. கல்யாணம் கட்டினேன், யுத்தம் முடிந்தது, பியசேன மாத்தயா இளைப்பாறிக் காலமானார். செத்தவீட்டில் அவருடைய மகன் என்னிடம், "அப்பச்சி உங்களைப் பற்றி நல்லாச் சொல்வார்" என்றான். என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. எந்தக் குடிமகனும் எந்தக் கந்தோரிலும் போய்க் கேட்கலாம், கந்தோர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்கென ஒவ்வொரு கந்தோரும் ஒரு தகவல் அலுவலரை நியமிக்கச் சுற்றறிக்கை வந்தது. ஆளைத் தெரிவுசெய்யக் கூட்டம் கூடியபோது நான் வழக்கம்போலக் கழிப்பறையில் இருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள். குளிரூட்டிய மண்டபம், தேத்தண்ணியோடு கடிக்க றோல்ஸ், பற்றிஸ். கொடுப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு என்றார் விரிவுரையாளர். மறுக்கக்கூடிய காரணங்கள் சட்டத்திலேயே உண்டு, முத்திரை அதில் ஒரு காரணமல்ல என்றும் சொன்னார். கடித்த றோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

ஆனால் உள்ளதைச் சொன்னால் நான் அந்த வேலையை நன்றாகவே செய்தேன். ஒருவர் எங்கள் கந்தோரில் எத்தனை மின்விசிறிகள் இருக்கின்றன என்று கேட்டார். நானே எண்ணிச் சொன்னேன். ஓடுகிறவை எத்தனை என்று அடுத்த கிழமை கேட்டார். அதையும் எண்ணினேன். கோரிக்கைகளைப் பதிவேட்டில் எழுதுவேன், ஒப்புகைச் சீட்டுக் கொடுப்பேன், பதினான்கு வேலை நாளுக்குள் முடிவை அறிவிப்பேன். மூன்றாம் அலுமாரியின் கீழ்த்தட்டு மட்டும் என் கண்ணில் படாது. ஆவண அறைக்குப் போனால் மற்றப் பக்கமாகச் சுற்றித்தான் வருவேன்.

நான் இளைப்பாறுவதற்கு ஒரு வருடம் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். கையில் நிரப்பிய படிவம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"சேர், நீங்க எங்க பாமசிக்கு வருவீங்களே. கேஸ்ட்ரிக் குளிசை."

வெள்ளவத்தையில் நான் வயிற்றுக்குக் குளிசை வாங்கும் மருந்துக்கடையில், அந்தப் பாமசியில், நிற்கிற பெண்தான். நானும் சிரித்தேன். "ஓம், ஓம். என்ர வயிற்றுச் சரித்திரம் முழுக்க உம்மட்ட இருக்கு. இரும், இரும்."

படிவத்தைப் பார்த்தேன். பெயர், கலைவாணி செல்லையா. விலாசம், கொட்டாஞ்சேனை. கோரப்படும் தகவல், களஞ்சியத் தீ விபத்தின் விசாரணை அறிக்கை.

சிரிப்பை முகத்திலிருந்து எப்படி இறக்குவதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன்.

"எங்கப்பா அங்கதாங்க வாச்சரா இருந்தாரு. என்ன நடந்துச்சுன்னா..."

"காரணம் சொல்லத் தேவையில்லை பிள்ளை. ஏன் கேட்கிறீங்கள் எண்டு நாங்கள் கேட்கக்கூடாது. சட்டத்தில அப்பிடி." இதைச் சட்டத்தின் மேல் பக்தியால் சொல்லவில்லை. அந்தக் கதையைக் கேட்காமல் தப்புவதற்குச் சொன்னேன்.

"இல்லீங்க சேர், சொல்லிர்றேன். அப்பா போய் எட்டு வருசமாச்சு. இது எங்கம்மாவுக்குங்க. களுபோவில ஆஸ்பத்திரியில இருக்காங்க. கிட்னி ரெண்டும் போயிருச்சு. நாள எண்ணச் சொல்லிட்டாங்க." படிவத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டு சொன்னாள். "அப்ப அப்பா பீடிய விட்டு மூணு மாசங்க. மூஞ்சி வாடிக் கெடக்குதேன்னு அன்னைக்கு அம்மாதான் ஒரு கட்டு வாங்கி சோத்துப் பையில வச்சு அனுப்பிருக்காங்க. அதுலதான் எரிஞ்சுச்சுன்னு வேலைய விட்டு எடுத்தாங்க. நான் கட்ட அவுக்கவே இல்ல புள்ளன்னு அப்பா சாகுற வரைக்கும் சொன்னாரு. அம்மா நம்பலைங்க. நம்மளாலதான் இந்த மனுசனுக்கு இப்படி ஆச்சுன்னு முப்பது வருசமா அதையே நெனச்சுக்கிட்டு கெடக்காங்க. நான் சொன்னா எடுபடாதுங்க சேர். கவுருமெண்டு காயிதத்துல இருந்தா நம்புவாங்க."

ஏழாம் பக்கம் எனக்கு மனப்பாடம். முப்பது வருடமாக மனப்பாடம். வாயைத் திறந்து, கட்டு அவிழ்க்கப்படவில்லை பிள்ளை, அம்மாவிடம் போய்ச் சொல்லும் என்று நான் அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அவள் அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள்.

ஒப்புகைச் சீட்டை எழுதிக் கொடுத்தேன்.

"உயிர் சம்மந்தப்பட்டதுன்னா ரெண்டு நாள்ல தரணுமாமே சேர்? பாமசிக்கு வார லோயர் ஒருத்தரு சொன்னாரு."

"அது வேற உயிர் பிள்ளை." இப்படியொரு பகிடியை நான் விட்டேன். வேண்டுமென்று விடவில்லை, பயம் வந்தால் என் வாயிலிருந்து பகிடிதான் வரும். அவள் அதைச் சட்டம் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

அன்றைக்கே மூன்றாம் அலுமாரியைத் திறந்து கோப்பை எடுத்தேன். தேடவே தேவையில்லாத கோப்பு. எடுத்து என் மேசை லாச்சிக்குள் பூட்டினேன். அடுத்த பதினான்கு வேலை நாளும் அது என் முழங்காலுக்கு மேலே கிடந்தது.

என்ன பயம் என்று கேட்பீர்கள். யுத்தம் முடிந்துவிட்டது, ஏற்றிக்கொண்டு போக ஆளில்லை. ஓய்வூதியத்தில் கைவைப்பார்களோ என்று ஒரு நாள் பயந்தேன். பேப்பரில் வருமோ என்று இன்னொரு நாள். உண்மையான பயம் அந்தப் பெண் பாமசியில் என்னைப் பார்க்கப்போகிற பார்வை. காலி வீதியில் பாமசிக்கு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினேன். குளிசையைத் தெகிவளை வரைக்கும் போய் வாங்கினேன். "பக்கத்தில கடையை வச்சுக்கொண்டு ஏன் அவ்வளவு தூரம் போறியள்?" என்று மனைவி கேட்டாள். நடந்தால் வயிற்றுக்கு நல்லது என்றேன்.

எட்டாம் பக்கத்தை எடுத்துவிட்டுக் கொடுக்கலாமோ என்றும் யோசித்தேன். ஒரு நாள் பிரதியெடுக்கும் இயந்திரத்தில் பத்துப் பக்கம் மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஏழுக்குப் பிறகு ஒன்பது வந்தது, பல்லு விழுந்த வாய் மாதிரி. மனச்சாட்சியால் அல்ல, அந்தப் பக்க இலக்கத்துக்குப் பயந்துதான் எட்டையும் எடுத்து வைத்தேன்.

பதினான்காம் நாள் அவளுக்குக் கடிதம் போனது: தகவல் வழங்கத் தீர்மானிக்கப்பட்டுள்ளது, எனினும் பழைய ஆவணங்களுக்கிடையில் தேடவேண்டியிருப்பதால் சட்டத்தில் இடமளிக்கப்பட்டவாறு மேலும் இருபத்தொரு நாள் தேவைப்படுகிறது. தேட வேண்டிய ஆவணத்தின் மேல் என் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது.

அந்தக் காலத்தில் அவள் இரண்டு தரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். முதல் தரம், "கெடைச்சிருச்சுங்களா சேர்?" என்றாள். தேடுகிறோம் என்றேன். இரண்டாம் தரம், "அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க சேர், காயிதம் வந்துச்சா, காயிதம் வந்துச்சான்னு" என்றாள். தேடுகிறோம் என்றேன். பிறகு அவள் கூப்பிடவில்லை. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

கடைசி நாளுக்கு முதல் நாள் கோப்பைத் தூக்கிக்கொண்டு பணிப்பாளரிடம் போனேன். நானே தீர்மானிக்கலாம், ஆனாலும் ஒரு வழக்கம். இப்போதைய பணிப்பாளர் ஒரு பெண், எனக்கு மகள் வயது. அவர் மறுத்துவிட வேண்டும் என்று வழி நெடுக நேர்ந்துகொண்டு போனேன். மறுத்தால் பழி அவருடையது.

அவர் சிவப்பு அட்டையைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார். "தென்ன, தென்ன" என்றார். கொடுங்கள், கொடுங்கள். இவ்வளவு பழைய கதையில் என்ன இரகசியம் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அரை நிமிடம் ஆகவில்லை. முப்பது வருடமாக நான் காவல் காத்த வாசலுக்குக் கதவே இருக்கவில்லை.

இருபத்தோராம் நாள், பதினொரு பக்கங்களும் இணைப்புகளும் பதிவுத் தபாலில் போயின. சட்டப்படி ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.

ஒன்றரைக் கிழமை கழித்துக் கலைவாணி கந்தோருக்கு வந்தாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். நான் இரும் என்று சொல்லும்வரை நின்றாள்.

"அம்மா?"

"காயிதம் வாரதுக்கு ஆறு நாளைக்கு முந்தி போயிட்டாங்க சேர்."

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. வருமோ என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தேன், அதுதான் உண்மை. வரவில்லை.

"கட்டு அவுக்கலைன்னு போட்டிருக்கு" என்றாள். "ஏழாம் பக்கத்துல. அப்பா சொன்ன மாதிரியே." பிறகு பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நிரப்பிக் கொண்டு வந்திருந்தாள். கோரப்படும் தகவல் என்ற இடத்தில், அறிக்கையின் எட்டாம் பக்கத்தில் சொல்லப்படும் மூன்று கடிதங்களையும் மொழிபெயர்க்காமல் வைத்திருந்த உத்தியோகத்தரின் பெயர் என்று எழுதியிருந்தது.

"இது எதுக்குப் பிள்ளை?"

"காரணம் சொல்லத் தேவையில்லைன்னு நீங்கதானேங்க சேர் சொன்னீங்க."

பதிவேட்டை எடுத்து இலக்கமிட்டேன். ஒப்புகைச் சீட்டு எழுதினேன். அவள் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்பினாள்.

"இரும்" என்றேன். "இதுக்குத் தேடத் தேவையில்லை."

கந்தோர்க் கடிதத்தாள் ஒன்றை எடுத்தேன். பென்சிலும் பேனாவும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பேனாவால் எழுதினேன். தங்களது கோரிக்கை தொடர்பாக, மேற்படி உத்தியோகத்தரின் பெயர் பின்வருமாறு. என் முழுப்பெயரையும் முதலெழுத்துச் சுருக்காமல் எழுதினேன். கீழே தகவல் அலுவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரே பெயர் ஒரே தாளில் இரண்டு இடத்தில் இருந்தது. திகதி முத்திரையைக் குத்தி அவளிடம் நீட்டினேன்.

அவள் நின்றபடியே படித்தாள். மேசையில் நின்ற என் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் எனக்கு நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினாள்.

"இதுக்கு ஒரு நாளுகூட எடுக்கலையேங்க சேர்" என்றாள்.

போய்விட்டாள். மேன்முறையீடு செய்வாள், முறைப்பாடு வரும் என்று இளைப்பாறும் நாள் வரைக்கும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பாமசியில் இப்போதும் நிற்கிறாள். போன கிழமை துணிந்து உள்ளே போனேன். குளிசையை எண்ணி உறையில் போட்டு, சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று மேலே எழுதித் தந்தாள். மற்றவர்களுக்கும் அப்படித்தான் தருகிறாள்.

இளைப்பாறிய அன்று எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் தந்தார்கள். என் காலத்தில் ஒரு கோரிக்கைக்கும் பதில் காலந்தவறிப் போகவில்லையாம். உண்மைதான். ஃபர்சானா, நீ பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். கலைவாணியின் முதல் கோரிக்கையின் வரிசையில் கடைசிக் கட்டம் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் நான் "தகவல் முழுமையாக வழங்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். மற்றது தாமதம் உண்டா என்று கேட்கிற கட்டம். அதில் "இல்லை" என்று இருக்கும். பேனாவால் எழுதியது, அழிக்க முடியாது.